தனிப் பயிற்றுநரா, குழு வகுப்பா, பூங்கா நடையா?

கோலாலம்பூரில் உடற்பயிற்சியைத் தொடங்க நினைப்பவருக்குச் செலவில்லாத வழி பூங்காதான். கே.எல்.சி.சி. பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ஓடுபாதைக்கும் தித்திவங்சா ஏரிக்கரைக்கும் கட்டணம் கிடையாது. பத்துமலையின் 272 படிகளும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை நடையாலேயே எட்டிவிடலாம். ஆனால், வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும் என்ற அதே பரிந்துரையின் மறுபாதி நடையால் நிறைவேறாது.

நம் சமூகத்துக்கு இந்த மறுபாதி மிக அவசியம் என்பது என் உறுதியான கருத்து. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது; இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்வாங்கும் முக்கிய இடங்களில் ஒன்று தசை என்பதால், அதை வலுவாக வைத்திருப்பது அழகுக்கான ஏற்பாடு மட்டுமன்று.

சும்பா நடனப் பயிற்சி போன்ற குழு வகுப்புகளில் உற்சாகமும் துணையும் கிடைக்கும், செலவும் குறைவு. எனினும் ஒருவரே பலரைக் கவனிக்கும் இடத்தில் உங்கள் முழங்கால் வலிக்கென்று அசைவை மாற்றித்தர நேரமிருக்காது.

தனிப் பயிற்றுநரிடம் நாம் வாங்குவது அந்தக் கவனத்தைத்தான். எடையுடன் குனிந்து நிமிரும்போது முதுகு வளைவதை உடனே திருத்துவதும், உடல் பழகப் பழக எடையைப் படிப்படியாகக் கூட்டுவதும் அவர் வேலை. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு தாழக்கூடும் என்பதால், மருந்துகளைப் பற்றி முதல் சந்திப்பிலேயே விசாரிக்காத பயிற்றுநரை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தயங்க வேண்டியது ஒப்பந்தத்தில்தான். மொத்தமாக வாங்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் காலாவதி நாள் இருக்கும். தைப்பூச விரதமோ தீபாவளிப் பயணமோ குறுக்கிட்டால் கட்டிய பணம் வீணாகலாம். காலாவதி, பயிற்றுநர் வேலையை விட்டால் என்ன ஏற்பாடு, பணம் திரும்பக் கிடைக்குமா ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளையாட்டுக்கான 1,000 ரிங்கிட் வரையிலான வருமானவரிக் கழிவில் உடற்பயிற்சிக் கூடச் சந்தாவுக்கு இடமுண்டு; பயிற்றுநருக்குத் தனியே கட்டும் பணமும் அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்திடுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வசதி இருந்தால், வாரம் இருமுறை என மூன்று மாதம் பயிற்றுநரிடம் அசைவுகளைச் சரியாகக் கற்றுக்கொண்டு, பிறகு கூடத்தில் தனியாகவும் மற்ற நாள்களில் பூங்காவிலும் தொடர்வதே மூன்றிலும் சிறந்த ஏற்பாடு என்பேன். ஓராண்டு ஒப்பந்தத்தை முதல் நாளே நீட்டும் கூடத்தில், ஒரு மாதத்துக்கு மட்டும் சேர முடியுமா என்று முதலில் கேளுங்கள்.