மாட்டுங்காவில் ஓர் அக்குபங்சர் சிகிச்சையகம்: எங்கள் அனுபவம்

முழங்கால் தேய்மானத்தால் அவதிப்படும் என் அம்மாவை, மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் சிறிய அக்குபங்சர் சிகிச்சையகத்துக்குச் சில மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். அந்த இடத்தை நான் பரிந்துரைக்க முதன்மையான காரணம், முதல் நாள் நடந்த பேச்சுதான். எலும்பு மருத்துவரின் சீட்டு, எக்ஸ்ரே, அன்றாட மாத்திரைகளின் பட்டியல் அனைத்தையும் வாங்கிப் பார்த்து, ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மருந்து எடுக்கிறாரா என்றும் கேட்டறிந்த சிகிச்சையாளர், "எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்கம்மா, இது அதோட சேர்த்துச் செய்யறதுதான்" என்றார். ஊசியில்லாமல் விரலால் தொட்டே குணப்படுத்துவதாகச் சொல்லும் தொடு சிகிச்சை செய்பவர் ஒருவரின் சொல்லை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய ஊர் உறவினர், பிறகு மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்; ஆகவே அந்த ஒரு வாக்கியமே எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அக்குபங்சருக்கென மகாராஷ்டிரத்தில் தனிச் சட்டமும் கவுன்சிலும் உண்டு. இங்கே அந்தக் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழை வரவேற்பறையிலேயே மாட்டியிருக்கிறார்கள். எந்தச் சிகிச்சையகத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஊசி போடும் முறையில் குறை சொல்ல இடமில்லை. ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசிகளின் உறையை நம் கண்ணெதிரே பிரிக்கிறார்கள். ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்துவிட்டு, முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளந்து, கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கமாக முதல் ஊசியை இறக்குகிறார்கள். மெல்லிய குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டுவதால் குத்துவதே தெரிவதில்லை என்றும், சற்று நேரத்தில் அவ்விடம் கனத்து மதமதப்பாகிறது என்றும் அம்மா சொல்கிறார். இருபது நிமிடம் கழித்து ஊசிகளை எண்ணி எடுத்து, துளைபடாத டப்பாவில் போடுகிறார்கள்.

பலன் என்று பார்த்தால், இரவு வலி குறைந்து அம்மா ஓரளவு தூங்குகிறார். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது என்பதைச் சிகிச்சையாளரே மறைக்காமல் சொல்லிவிட்டார். மருத்துவ உலகிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. முழங்கால் தேய்மானத்துக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் அக்குபங்சரை நிபந்தனையுடன் ஏற்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்போ 2022இல் வேண்டாம் என்றது. எனவே தொடைத் தசைக்கான பிசியோதெரபி பயிற்சிகளை நாங்கள் விடவில்லை, விட வேண்டாமென்று இங்கும் வற்புறுத்துகிறார்கள்.

ஒரு முறைக்கு 700 ரூபாய் என்பது மாதக் கணக்கில் சுமைதான். அதைவிடப் பெரிய குறை, மூட்டுவலிக்காரர்கள் வரும் இடத்தில் லிஃப்ட் இல்லாதது. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடியும் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. வயதானவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால், ஏற்றிவிடக் கீழே ஆள் அனுப்புகிறார்கள்.