16 ஆண்டுகள், 3 வண்டிகள்: ஒரு பம்ப் ஆபரேட்டரின் நீண்ட கால அனுபவம்

பெருநகரத் தீயணைப்புத் துறையில் ஓட்டுநராகவும் பம்ப் ஆபரேட்டராகவும் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்குள் மூன்று வண்டிகள் என் பொறுப்பில் இருந்திருக்கின்றன. முதலாவது 4,500 லிட்டர் தொட்டி கொண்ட வாட்டர் டெண்டர், அதாவது தண்ணீரையும் பம்பையும் சுமந்து போகும் தீயணைப்பு வண்டி. அதை 11 ஆண்டுகள் ஓட்டினேன். அடுத்தது 32 மீட்டர் ஏணி வண்டி, 2 ஆண்டுகள். கடந்த 3 ஆண்டுகளாக வெறும் 500 லிட்டர் தொட்டியுள்ள சின்ன வண்டி. புதிதாகப் பணியில் சேருகிறவர்களும் சரி, வண்டி வாங்கும் குழுவில் இருக்கிறவர்களும் சரி, "எது நல்ல வண்டி?" என்றுதான் கேட்பார்கள். அதை எந்த நிலையத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்று தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

பெரிய வண்டியிலிருந்து தொடங்குகிறேன். 4,500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். முழுத் தொட்டியோடு ஓட்டுவது பழகிவிடும். பாதித் தொட்டியோடு ஓட்டுவதுதான் பயம். திருப்பத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் உள்ளே இருக்கும் தண்ணீர் இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் யாரோ வண்டியைத் தோளால் இடிப்பது போல ஒரு தள்ளு வரும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தும் அது முழுசாக அடங்காது. அதனால் ஒரு தீயை முடித்துத் திரும்பும்போது, வழியில் நிரப்ப இடம் இருந்தால் நிரப்பிவிட்டுத்தான் நிலையத்துக்கு வருவேன். அடுத்த அழைப்புக்குத் தயாராக இருப்போம் என்பது ஒரு காரணம், வண்டி தடம் மாறாமல் ஓடும் என்பது இன்னொன்று.

இந்த 4,500 லிட்டர் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு குழாயில் நிமிடத்துக்கு 475 லிட்டர் அடித்தால் ஒன்பதரை நிமிடம். இரண்டு குழாய் பிடித்தால் ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆக, தொட்டியின் அளவை நான் லிட்டரில் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன், நிமிடத்தில்தான் பார்க்கிறேன். அந்த நிமிடங்களுக்குள் ஹைட்ரன்டோ (தீயணைப்புக்கான தெருவோரத் தண்ணீர்க் குழாய்) குளமோ கிடைக்க வேண்டும், அல்லது அடுத்த நிலையத்து வண்டி வந்து சேர வேண்டும். அடுத்த நிலையம் 20 நிமிடத் தூரத்தில் இருந்தால் எவ்வளவு பெரிய தொட்டியும் சின்னதுதான்.

பம்பைப் பொறுத்தவரை எனக்கு இந்த வண்டியின் மேல் குறையே இல்லை. குறை வந்ததெல்லாம் அதைக் கையாண்ட விதத்தில். தீயின் முன்னால் நிற்கிறவர் "பிரஷர் பத்தலண்ணே" என்று வயர்லெஸ்ஸில் கத்துவார். புதிய ஆபரேட்டர் உடனே ஆக்சிலரேட்டரை ஏற்றுவார். ஆனால் குழாயில் போகும் தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் உராய்வில் போகும் அழுத்தம் நான்கு மடங்காகும். மேலே ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் போய்விடும். 45 மில்லிமீட்டர் குழாயை நீளமாக இழுத்துவிட்டு பம்பைத் திட்டிப் பயனில்லை. 70 மில்லிமீட்டர் குழாயைத் தீ இருக்கும் தளம் வரை கொண்டுபோய், அங்கிருந்து சின்னக் குழாயைப் பிரித்தால் அதே பம்ப், அதே இன்ஜின், நல்ல தாரை.

ஒரே ஒரு முறை அந்தப் பம்ப் என்னைக் கைவிட்டது. அதுவும் என் கவனக்குறைவால். ஒரு கிடங்குத் தீ. பக்கத்தில் குளம் இருந்தது, நீர்மட்டம் கரையிலிருந்து நாலு மீட்டர் கீழே. காற்றழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தூக்கும், நடைமுறையில் 7 மீட்டர் வரை நம்பலாம். எனவே நாலு மீட்டர் ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் ஹோஸை மூன்று துண்டாக மாட்டி, நுனியில் வடிகட்டி போட்டு இறக்கினோம். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் பிரைமரைப் போட்டேன். வெற்றிட முள் கொஞ்சம் இறங்கியது, நின்றது, பிறகு மெல்ல மேலே வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே கதை. கையை ஒவ்வொரு இணைப்பின் மீதும் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். இரண்டாவது இணைப்பில் விரல் நுனியில் சில்லென்று காற்று உள்ளே இழுபடுவது தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷரில் ஒரு நகக்கீறல் அளவு பிளவு. வாஷரை மாற்றியதும் இருபது விநாடியில் தண்ணீர் வந்தது. அதற்குள் தொட்டி காலி. கிடங்கின் மேற்குப் பக்கக் கூரை கண் முன்னால் இறங்கியது. உள்ளே ஆட்கள் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அன்றிலிருந்து பணி மாறும்போதெல்லாம் வாஷர்களை நானே விரலால் மடித்துப் பார்க்கிறேன். பெட்டியில் எப்போதும் நாலு உதிரி வாஷர் இருக்கும்.

அடுத்தது காற்று பிரேக். யாரும் விளம்பரப் புத்தகத்தில் எழுதாத விஷயம் இது. கனரக வண்டியில் காற்றுக் கலனில் போதிய அழுத்தம் இல்லாவிட்டால் பிரேக் விடாது, வண்டி நகராது. எங்கள் டெண்டருக்கு ஏழாவது வருடத்தில் எங்கோ ஒரு நுண்கசிவு. இரவு முழுக்க நின்றால் விடியற்காலை அழுத்தம் இறங்கியிருக்கும். மணி அடிக்கும், எல்லோரும் உடை மாட்டி ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், இன்ஜின் உறுமும், நான் மட்டும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பத்து விநாடியைக் குறைப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறோம்! அதையெல்லாம் ஒரு கசிவு தின்றுவிடும். பணிமனையில் இரண்டு முறை பார்த்தும் கசிவு பிடிபடவில்லை. கடைசியில் நிலையத்துச் சுவரில் சின்னக் கம்ப்ரெசர் ஒன்றை மாட்டி, வண்டி நிற்கும்போதெல்லாம் காற்றும் பேட்டரி சார்ஜும் ஏறும்படி செய்தோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பிளக் தானாகக் கழன்றுகொள்ளும். புதிய வண்டி வாங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: மற்றதில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஏணி வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இயந்திரம் அருமையானது. ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த கான்ராட் டீட்ரிஷ் மகிருஸ் 1872-இல் சுவரில் சாயாமல் தனியே நிற்கும் ஏணியைக் கொண்டுவந்தார். அதன் வாரிசு இது. ஆனால் வண்டியைத் தாங்கும் நான்கு கால்களையும் முழுசாக விரிக்க இரண்டு பக்கமும் இடம் வேண்டும். காலுக்குக் கீழே சாக்கடை மூடியோ நிலத்தடித் தொட்டியோ இருக்கக் கூடாது. மேலே மின்கம்பி கூடாது. அந்த வண்டியை எங்கள் நிலையத்தில், நகரின் பழைய பகுதியில், மூன்று மாடிக்கு மேல் கட்டடமே இல்லாத தெருக்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். உயரமான கட்டடங்கள் எல்லாம் நகரின் மறு கோடியில். அங்கே தேவைப்படும்போது நாங்கள் போய்ச் சேர அரை மணி நேரம். பக்கத்துத் தெருவில் தீ என்றால் வண்டி தெருவுக்குள் திரும்பாது. இரண்டு ஆண்டும் அந்த வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாரம் ஒருமுறை ஏணியை நீட்டி மடக்கினேன். எனக்கு அது மிகவும் வலித்தது. அந்த வண்டியின் தகுதிக்கு அந்த இடம் அநியாயம்.

இங்கேதான் நிலையங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1833-இல் லண்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் தனித்தனியே வைத்திருந்த தீயணைப்புக் குழுக்களை ஒன்றாக்கி, ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் பொறுப்பில் விட்டார்கள். 80 பேர், 13 நிலையங்கள். ஆட்களை நகரம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது என்பது அப்போதே வேலையின் மையமாகிவிட்டது. பிறகு 1973-இல் பீட்டர் கோல்சர், எட்வர்ட் பிளம் என்ற இருவர் நியூயார்க் நகரத் தீயணைப்பு வண்டிகளை வைத்து ஓர் உண்மையைக் கணக்காக எழுதினார்கள். ஒரு பகுதியில் தயாராக இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடக் கூட, தீ இடத்துக்கான சராசரித் தூரம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில்தான் குறையும். அதாவது தூரத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு இடங்களில் வண்டி நிற்க வேண்டும். கேட்டால் மனம் சோர்ந்துபோகும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு: வண்டிகள் ஏற்கனவே நெருக்கமாக நிற்கும் இடத்திலிருந்து ஒன்றை எடுத்தால் அங்கே அதிகம் கெடாது, தனியாக ஒன்றே ஒன்று நிற்கும் இடத்தில் இரண்டாவதை வைத்தால் அங்கே நிறைய மாறும்.

கணக்கில் "தயாராக இருக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் நிலையங்கள் அழகாகப் பரவியிருக்கும். ஒரு பெரிய தீ வந்தால் பக்கத்து நாலு நிலையங்களின் வண்டிகளும் அங்கே போய்விடும். வரைபடம் மாறாது, நகரத்தின் ஒரு முழுப் பகுதி வெறுமையாகிவிடும். என் ஆறாவது வருடத்தில் ஓர் இரவு, 9 கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்கூடத் தீயில் நாங்கள் இருந்தோம். வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை ஒரு முகவரியைச் சொன்னது. எங்கள் நிலையத்துக்கு எதிர் வரிசையில், கதவைத் திறந்தால் தெரியும் வீடு. தீயில் ஒரு முதியவர் சிக்கியிருந்தார். நாங்கள் குழாய்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். அதற்குள் இன்னொரு கோடியிலிருந்து வந்த வண்டி அவரை வெளியே எடுத்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை. அந்த வீட்டு மகள் எங்கள் நிலைய வாசலில் நின்று, "இங்கேதானே சார் இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் நிலைய அலுவலரால் பேச முடியவில்லை.

காலியான நிலையத்துக்கு உடனே தூரத்து வண்டி ஒன்றை நகர்த்தி நிறுத்தும் முறை பல நகரங்களில் பழைய வழக்கம். எங்களிடமும் ஏட்டில் இருந்தது, இரவில் யாரும் செய்யவில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் கட்டுப்பாட்டு அறையில் அதற்கென்றே ஒருவரை உட்கார வைத்தார்கள்.

அமெரிக்காவில் 2001-இல் வெளிவந்த என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 1710 தரநிலை முதல் வண்டிக்கு 4 நிமிடப் பயண நேரம் வைக்கிறது. அதை 90 சதவீத அழைப்புகளில் எட்ட வேண்டும் என்கிறது. எனக்குப் பிடித்தது அந்த 90 தான். சராசரி நேரம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதலாம், ஆனால் கடைசித் தெருவில் இருப்பவருக்குச் சராசரி உதவாது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் துறை ஒரு சின்ன மாற்றம் செய்தது. நெரிசல் பகுதியில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் சின்னத் துணைத் தீயணைப்பு நிலையம் அமைத்து, சின்ன வண்டி ஒன்றையும் நாலு பேரையும் நிறுத்தியது. அதுதான் இப்போது என் வண்டி. உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பனிபோல நுணுக்கி அடிக்கும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது, நுண்துளி சீக்கிரம் ஆவியாகும். மூடிய அறைத் தீயில் இதன் வேகத்தை நான் நேரில் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு சமையலறைத் தீயைப் பாதித் தொட்டியில் முடித்துவிட்டு, பெரிய வண்டி வந்து சேருவதற்குள் குழாயைச் சுருட்டியிருக்கிறோம். ஆனால் திறந்தவெளிக் கிடங்கில் இது ஒன்றும் செய்யாது. நிமிடத்துக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே ஐந்து நிமிடத்தில் தொட்டி தீர்ந்துவிடும். பின்னால் பெரிய வண்டி கட்டாயம் வர வேண்டும். சின்ன வண்டியைக் காட்டிப் பெரிய வண்டியை எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நிலையம் அமைக்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வாசலுக்கு எதிரே சாலைத் தடுப்பில் திறப்பு இருக்கிறதா பாருங்கள். எங்கள் பழைய நிலையத்தில் இல்லை. எதிர்த்திசை அழைப்பு எல்லாவற்றுக்கும் 700 மீட்டர் போய்த் திரும்பி வருவோம். வண்டி நிற்கும் கூடத்தின் வாசல் உயரத்தை, வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். மேலே ஏணி மாட்டிய புதிய வண்டி உள்ளே நுழையாமல் நான்கு மாதம் வெயிலில் நின்ற நிலையம் எனக்குத் தெரியும்.

என் பழைய டெண்டர் இப்போது மாற்று வண்டி. கம்ப்ரெசர் பிளக் இன்னும் மாட்டியே இருக்கிறது. சின்ன வண்டி பணிமனைக்குப் போகும் நாட்களில் அதைத்தான் எடுக்கிறேன். போன வாரம் ஓர் இரவு கட்டுப்பாட்டு அறை என்னை அழைத்து, நகரின் மறுபக்கம் காலியாகிவிட்ட நிலையம் ஒன்றில் போய் நிற்கச் சொன்னது. தொட்டியை நிரப்பிக்கொண்டு போனோம். யாரோ ஒருவருடைய காலணி, யாரோ ஒருவருடைய துண்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கு. வண்டியின் முகத்தைச் சாலைப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு அழைப்பும் வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்களுடைய வண்டி ஈரக் குழாய்களோடு வந்தது. அவர்கள் இடத்தை விட்டு என் வண்டியை வெளியே எடுத்தேன். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.