கண்காணிப்பாளரா, மேற்பார்வையாளரா? பொறுப்பில் அமர்த்தப்பட்டவருக்கு ஏற்ற பெயர்

ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்துக்கான விதிமுறைகளைத் தமிழில் எழுதித் தரும் பணி அண்மையில் என்னிடம் வந்தது. இல்லத்தின் அன்றாடப் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்ள அறக்கட்டளைக் குழு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. சமையற்கட்டு, மளிகை இருப்பு, பணியாளர் வருகை, இரவில் முதியவர்களின் உடல்நிலை என அனைத்துக்கும் அவரே குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பதவிக்கு மேற்பார்வையாளர் என்று பெயரிடலாம் என்று குழுவில் சிலர் விரும்பினர். கண்காணிப்பாளர் என்பதே பொருந்தும் என்று நான் எழுதினேன்; இறுதியில் அதுவே நிலைத்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடே இல்லை என்று எண்ணுவோர் பலர் என்பதால், என் காரணங்களை இங்கே விரிவாக வைக்கிறேன்.

போட்டியிலிருந்து எளிதில் விலகிய பெயர்களை முதலில் சொல்லிவிடலாம். சூப்பர்வைசர் என்ற சொல் பேச்சில் எங்கும் இருக்கிறது; தமிழில் எழுதும் விதிமுறைக்கு அது வேண்டாம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. போர்த்துகீசியத்திலிருந்து வந்த மேஸ்திரி, கட்டட வேலை போன்ற கைத்தொழில்களோடு நின்றுவிட்டது. காப்பாளர் என்றவுடன் அரசு மாணவர் விடுதிதான் நினைவுக்கு வருகிறது. தக்கார் என்பது அழகிய சொல்தான். ஆனால் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அமர்த்தப்படுபவரை அது குறிப்பதால், வேறு இடத்தில் அதைப் பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும்.

எஞ்சிய இரண்டில் எது சரி என்பதற்கு அரசு வழக்கைப் பார்த்தால் தீர்ப்புக் கிடைப்பதில்லை. பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளர் என்று அழைக்கப்படும் அதே நிலைப் பதவி, மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளர் என்று வழங்குகிறது. மாவட்டக் காவல் துறையின் தலைவர் காவல் கண்காணிப்பாளர். சிறையின் தலைவரும் அரசுத் தேர்வு அறையில் நிற்கும் ஆசிரியரும் கண்காணிப்பாளர்களே. டாஸ்மாக் கடையின் பொறுப்பாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களுக்கு மேலே இருப்பவரும் மேற்பார்வையாளர்கள். பதவியின் உயரத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்க முடியாது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஒரு பதவிப் பெயரை விதிமுறையில் ஒருமுறை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு விதியிலும் அந்தப் பெயருக்கு உரிய வினைச்சொல் வந்து உழைக்க வேண்டும். மேற்பார்வை என்பதைத் தனியே வினையாக்க முடியாது. இடு, செய் என்று ஒரு துணை தேவை. மேற்பார்வையிட்டார் என்று எழுதும்போது அதற்குள் பார்வையிட்டார் என்பதும் ஒலிக்கிறது. வெள்ளச் சேதத்தை அமைச்சர் பார்வையிட்டார் என்று செய்தித்தாளில் படிக்கும்போது, அவர் வந்தார், பார்த்தார், போய்விட்டார் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். முதியவர்களை மேற்பார்வையிட வேண்டும் என்று ஒரு விதியை எழுதிப் படித்துப் பார்த்தபோது, காலையில் ஒருமுறை அறைகளைச் சுற்றி வந்தாலே அந்த விதி நிறைவேறிவிட்டதாகக் கொள்ள இடமிருந்தது.

கண்காணித்தல் அப்படியில்லை. அது தொடர்ந்து நடக்கும் செயல். இடையில் விட்டுவிட்டால் அது கண்காணித்தலே ஆகாது. நோயாளியை இன்னும் இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று மருத்துவர் சொன்னால், கட்டிலருகே ஆள் இருப்பார்கள், மூச்சையும் நாடியையும் மணிக்கு மணி குறிப்பார்கள் என்று குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். அங்கே மேற்பார்வையில் வைத்திருக்கிறோம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. மேலும், இந்த வினை மனிதர், பொருள், பணி ஆகிய மூன்றையும் செயப்படுபொருளாக இயல்பாக ஏற்கிறது. முதியவர்களைக் கண்காணிக்கலாம், மளிகை இருப்பைக் கண்காணிக்கலாம், சமையலைக் கண்காணிக்கலாம். தவறு நேரும்போது எழுத வேண்டிய விதியும் நேராக அமைகிறது: "இரவு நேரத்தில் முதியவர்களின் உடல்நிலையைக் கண்காணிக்கத் தவறினால், கண்காணிப்பாளர் குழுவுக்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்." இந்த வரியில் பதவிக்கும் கடமைக்கும் இடையே இடைவெளியே இல்லை. மேற்பார்வையாளர் என்று வைத்து இதே வரியை எழுதிப் பார்ப்பவர்கள் என்னோடு உடன்படுவார்கள் என்று நம்புகிறேன்.

ஒருவருடைய உடைமையை அவர் சார்பில் மற்றொருவர் பேணுதல் என்ற பொருளும் இந்தச் சொல்லில் நெடுங்காலமாக ஊறியிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட நிலமும் பொன்னும் யார் பொறுப்பில் இருந்தன என்று சொல்லும் இடங்களில், தேவகன்மிகளோடு, அதாவது கோயில் பணி அலுவலர்களோடு, சேர்த்து 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் அந்தச் சொத்துக்கு உரிமையாளர்கள் அல்லர்; பொறுப்பாளர்கள். திருமூலரோ, கண்காணி இல்லை என்று எண்ணிக் கள்ளம் செய்பவர்களுக்கு, கண்காணி இல்லாத இடமே இல்லை என்று இறைவனையே அந்தப் பெயரால் சுட்டுகிறார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், சபையைப் பேண அமர்த்தப்பட்டவர் கண்காணி. பவுல் தம் உடனூழியர் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அந்தக் கண்காணி உக்கிராணக்காரனோடு, அதாவது வீட்டுத் தலைவனின் இருப்பு அறைக்குப் பொறுப்பானவனோடு, ஒப்பிடப்படுகிறார். மளிகை அறைச் சாவியைக் கையில் வைத்திருக்கப்போகும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான மரபு வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மை ஆகாது. கண்காணி என்ற சொல் கங்காணி என்று திரிந்து, இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் பெரும் துயரத்தோடு பிணைந்துவிட்டது. தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டிச் சென்ற கங்காணியே அவர்களுக்கு முன்பணம் கொடுத்தவர்; அவரே தோட்டத்தில் வேலை வாங்கியவர்; பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். இலங்கையில் தொழிலாளியின் கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது. அந்தக் கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவர் மாறிப்போக முடியும் என்ற துண்டு முறை 1921 வரை சட்டப்படி நீடித்தது. மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது 1938இல். இந்த வரலாற்றைக் குடும்ப நினைவாகச் சுமக்கும் வாசகருக்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்பதை நான் நூல்களின் வழியாக மட்டுமே அறிவேன். ஆகவே இலங்கையின் மலையகத்திலோ மலேசியாவிலோ இயங்கும் ஓர் அமைப்புக்கு என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, கண்காணி என்ற சிறு வடிவத்தைத் தவிர்த்து, கண்காணிப்பாளர் என்ற மரியாதை வடிவத்தை எழுதினால் அந்த நிழல் பெரும்பாலும் விலகிவிடுகிறது.

கேமராவும் காவல் துறையும் இந்தச் சொல்லுக்குச் சந்தேகச் சாயல் ஏற்றிவிட்டன என்ற குறையும் உண்மையே. பணியாளர்களைப் பற்றிய விதிகளில் மட்டும் அந்தச் சாயல் உறுத்தியதால், அங்கே "பணியாளர்களைக் கண்காணிப்பார்" என்று எழுதாமல் "பணியாளர்களின் வேலையைப் பகிர்ந்தளித்து நெறிப்படுத்துவார்" என்று மாற்றினேன்.

மேற்பார்வையாளருக்கு உரிய இடம் எது என்றால், வேலைக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள இடம் என்பேன். இதே இல்லத்தில் புதிய கட்டடம் எழும்பும்போது, கம்பி கட்டியது சரியா, கான்கிரீட் கலவை சரியா என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்து ஒப்புதல் தருபவருக்கு அந்தப் பெயர் நன்றாகப் பொருந்துகிறது. கட்டுமானம் பற்றிய இணைப்பில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

விதிமுறையின் இறுதி வடிவில் செய்த ஒரு சிறு திருத்தத்தையும் இதே வேலையில் இறங்குவோருக்குச் சொல்ல வேண்டும். வெறும் கண்காணிப்பாளர் என்று கடிதத் தலைப்பில் அச்சிட்டால் மாவட்டத் தலைநகரில் அதைக் காவல் துறைப் பதவி என்று படித்துவிடுகிறார்கள்; எனவே எல்லா இடங்களிலும் இல்லக் கண்காணிப்பாளர் என்று முன்னொட்டோடு எழுதியிருக்கிறோம்.