பழைய ஓனர் போனில் என் வண்டி: 2 வருட அடாஸ் அனுபவம்

தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இரண்டு வருடத்தில் 38,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று.

அடாஸ் என்றால், வேகம், பிரேக், ஸ்டீயரிங்கில் ஓட்டுபவருக்குக் கைகொடுக்கும் கம்ப்யூட்டர் வசதி. நான்குவழிச் சாலையில் அதைக் குறை சொல்ல முடியாது. நாங்குநேரி தாண்டி க்ரூஸில் போட்டால், பணகுடி வரை முன்னால் போகும் லாரிக்குத் தக்கபடி தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டிக்கொள்ளும். ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று தள்ளும்போது ஸ்டீயரிங் தானாக லேசாகத் திரும்பும். முதலில் பயந்தேன், அப்புறம் பழகிவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கம் கதை வேறு. அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், வெள்ளைக்கோடே தெரியாது. கோட்டைப் பார்த்து வண்டியை அதன் தடத்திலேயே வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் கையை விரித்துவிடும். ஆட்டு மந்தைக்கு நிற்குமா என்று சோதித்ததில்லை, சோதிக்கவும் மாட்டேன்.

போன வருடம் திருச்செந்தூர் போயிருந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பழைய ஓனர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, திருச்செந்தூர்லயா இருக்கிய? கதவு பூட்டலைன்னு எனக்கு மெசேஜ் வருது."

ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் பெயர் மாற்றி, சாவி இரண்டையும் வாங்கியிருந்தேன். வண்டிக்குள் இருக்கும் சிம்மோடு பேசுகிற ஆப் கணக்கு மட்டும் அவர் பெயரிலேயே கிடந்திருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், கதவைத் திறக்கலாம், ஏசி போடலாம். 15 மாதம் இப்படியே ஓடியிருக்கிறது! நல்ல மனுஷன், சொன்னார். சர்வீஸ் சென்டரில் கேட்டால், பழைய ஓனர்தான் நீக்க வேண்டும் என்று கைகழுவினார்கள். அவர் நீக்கி, என் பெயரில் வர 11 நாள்.

அதன்பிறகுதான் 2015 ஜீப் செரோக்கி சங்கதியைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் வீட்டில் உட்கார்ந்தபடியே, ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் ஆக்சிலேட்டரைச் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். நுழைந்த வழி, பாட்டுக் கேட்கும் திரையின் மொபைல் இணைப்பு. கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. என் ஆப் பிரேக்கைத் தொடாது, சரி. ஆனால் அடாஸ் வண்டியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஏற்கெனவே கம்ப்யூட்டர் சொல்பேச்சு கேட்பவைதானே?

க்ரூஸை இன்றும் போடுகிறேன். கால் மட்டும் பிரேக்கை விட்டு விலகுவதில்லை. அப்டேட் வந்தால் தள்ளிப்போடுவதில்லை. ஆப்பில் கதவு திறக்கும் வசதியை அணைத்துவிட்டேன். சாவி சட்டைப்பையில் கிடக்கிறது.