டீ கொட்டிய லேப்டாப்: போர்டைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

போர்டு என்றால் லேப்டாப்பின் சில்லுகள் (சிப்) பதிந்திருக்கும் மதர்போர்டு. எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் போர்டின் உலோகம் அரிப்பது வேகமெடுக்கும். அரிசி மூட்டையில் புதைப்பதும் வீண்; பாலும் சர்க்கரையும் போர்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

செலவு
பழுது: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற துப்புரவுத் திரவத்தால் கழுவி, கெட்ட சில்லுகளை மட்டும் மாற்றுவார்கள். பெரும்பாலும் இதுவே மலிவு.
மாற்றம்: புதுப் போர்டின் விலை சில மாடல்களில் பழைய லேப்டாப்பின் விலையையே தொட்டுவிடும். சாதாரண உத்தரவாதம் திரவச் சேதத்துக்குப் பொதுவாகப் பொருந்தாது.

எவ்வளவு நாள் உழைக்கும்
பழுது: சில்லுகளுக்கு அடியில் தங்கிய பச்சைப் படிவு சில மாதம் கழித்தும் தொல்லை தரலாம். மைக்ரோஸ்கோப் வைத்து வேலை பார்க்கும் கடையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.
மாற்றம்: நம்பகமானது. ஆனால் நனைந்த கீபோர்டையும் பேட்டரியையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

கோப்புகள்
கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழலும் மாடல் என்றால் இரண்டு வழியிலும் பெரும்பாலும் பிழைக்கும். இப்போதைய மேக்புக் ஏர் போலச் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், மாற்றும்போது பழைய போர்டோடு எல்லாம் போய்விடும். குழந்தையின் படங்களும் ஆய்வேடும் அதில் மட்டுமே இருக்கிறதென்றால், தயவுசெய்து மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்திருப்பவர், தினமும் அலுவலக வேலைக்கு நம்பியிருப்பவர், லேப்டாப்பும் புதிது என்றால் போர்டை மாற்றலாம். பழைய லேப்டாப்புக்கும் பிரதியில்லாத கோப்புகளுக்கும் பழுது பார்ப்பதுதான் சரி.