ஜீப் சேசிஸ் ரிவெட்: காய்ச்சி அடிப்பதா, அப்படியே அழுத்துவதா?

1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற இரு பெயர்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ ஜீப்புகள் அமெரிக்காவில் தயாராயின. அவற்றின் தகர உடல் பெரும்பாலும் ஸ்பாட் வெல்டிங்கால் இணைக்கப்பட்டது. ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸின் நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் பிணைத்திருப்பவை ரிவெட்டுகள், அதாவது துளையில் செருகி மறுமுனையையும் நசுக்கித் தலையாக்கும் உலோக ஆணிகள். எண்பது ஆண்டுகளில் இரு தகடுகளுக்கும் இடையே புகுந்த துரு உப்பி, தகடுகளை விரித்து, ரிவெட்டின் தண்டை அரித்துவிடுகிறது. வெளியே தெரியும் தலை மட்டும் முழுதாக இருக்கும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். சட்டத்தைக் கழற்றித் துருவை நீக்கியபின் திரும்பப் பிணைப்பதற்குக் காய்ச்சி அடித்தல், குளிர்நிலையில் அழுத்துதல், போல்ட் போடுதல், வெல்டிங் செய்து ரிவெட் போலக் காட்டுதல் என நான்கு வழிகள் உள்ளன.

கடைசி வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். துளையை வெல்டிங்கால் அடைத்து, மேலே ஒரு குமிழை உருட்டி, கிரைண்டரால் தேய்த்துவிட்டால் பார்வைக்கு ரிவெட்தான். ஆனால் கரடுமுரடான பாதையில் சற்றே முறுகிக் கொடுக்கும்படி அமைந்த சட்டத்தில், வெல்டிங் வெப்பம் பட்ட ஓரங்கள்தாம் பிற்பாடு விரிசல் விடும் இடங்களாகின்றன. ஒருபுறமிருந்தே கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது மெல்லிய தகரத்துக்கானது.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். பழைய வண்டி என்றதும் உலையும் சம்மட்டியும் நினைவுக்கு வருவதால், காய்ச்சி அடிப்பதே அசல் முறை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். கப்பலுக்கும் பாலத்துக்கும் அது பொருந்தும். செந்நிறமாகக் காய்ந்த ரிவெட் ஆறும்போது நீளவாக்கில் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் அதே சுருக்கம் குறுக்குவாக்கிலும் நிகழ்வதால், தண்டுக்கும் துளைச் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுகிறது. தடித்த தகடுகளில் இறுக்கப் பிடிப்பே இதை ஈடுசெய்துவிடும். ஜீப் சேசிஸ் போன்ற மெல்லிய இணைப்பில் தண்டின் நீளம் மிகக் குறைவு என்பதால், கிடைக்கும் இறுக்கமும் குறைவே. மேலும் 3/8 அங்குல ரிவெட் உலையிலிருந்து எடுத்த சில நொடிகளிலேயே சிவப்பை இழந்துவிடும். நீலம் பாயும் வெப்பநிலைக்கு இறங்கியபின் அடித்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒருவர் காய்ச்ச, ஒருவர் மறுபுறம் அணைகொடுக்கும் இரும்புக் கட்டையான டாலியைத் தாங்க, ஒருவர் அடிக்க என்று ஆள்பலமும் வேண்டும். தகடுகளுக்கு இடையே பூசிய பிரைமர் கருகி, துரு நுழைய மறுபடியும் வழி திறந்துவிடுகிறது.

சிலர் ரிவெட்டைக் குளிராகவே செருகி, வெளியே நீட்டியிருக்கும் முனையை மட்டும் கேஸ் டார்ச்சால் காய்ச்சி அடிக்கிறார்கள். தலை அழகாக அமையும். உள்ளே தண்டு பருக்காது. அழகுக்கு வேண்டுமானால் சரி, ஸ்பிரிங் தாங்கிக்கு உதவாது.

குளிர்நிலையில் அழுத்தும்போது நடப்பது நேர்மாறானது. தண்டு முதலில் துளை முழுவதும் பருத்து நிரம்புகிறது, பிறகே தலை உருவாகிறது. ஆறிச் சுருங்க எதுவும் இல்லை. பெயின்டும் கருகாது. இதற்கு வேண்டியது விசைதான். தலையின் விட்டம் தண்டைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு என்று கொண்டால், 3/8 அங்குல ரிவெட்டுக்கு வெறும் கணக்கிலேயே 11 டன் வருகிறது. உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கும் அதைத் தாங்கும் தடித்த தகட்டில் வெட்டிய ‘சி’ வடிவச் சட்டமும் இல்லாமல் இறங்கக் கூடாது. இந்த ‘சி’ சட்டம் மெலிந்திருந்து வாய் பிளந்தால் தலை சாய்ந்து விழும். ரிவெட் குறைந்த கார்பன் கொண்ட மென்மையான எஃகாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டபின் பயன்படுத்தலாம்.

எந்த முறையானாலும் தண்டு தகட்டுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டிய அளவு விட்டத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது இங்கே ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். குறைந்தால் தலையின் விளிம்பு முழுமையடையாது. மிகுந்தால் தலையைச் சுற்றி வளையம்போல் பிதுங்கும், அதைக் கிரைண்டரால் சீவினால் பழைய வண்டி பார்த்துப் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். கழிவுத் தகட்டில் ஒன்றை அழுத்தி, நெடுக அறுத்துப் பார்ப்பது நல்லது: தண்டுக்கும் துளைக்கும் இடையே கோடு தெரியாவிட்டால் அளவு சரி.

போல்ட்டை முற்றிலும் இகழ வேண்டியதில்லை. எல்லாத் துளைகளிலும் முதலில் போல்ட் போட்டு இறுக்கி, மூலைக்கு மூலை அளந்து சட்டம் நேராக உள்ளதா என்று பார்த்து, இரு தகடுகளையும் சேர்த்து ரீமரால் துளையைச் சீராக்கி, பின் ஒன்றுவிட்டு ஒன்றாக ரிவெட்டுக்கு மாற்றுவதே முறையான வரிசை. நிரந்தரமாகப் போல்ட்டையே விடுவதானால், துளைக்குள் மரை வராமல் வழுவழுப்பான தண்டு இறுக்கமாக அமர வேண்டும். ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலேயே ‘எஃப்’ எழுத்தைப் பொறித்த நிறுவனம் என்பதால், ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் கடையில் வாங்கிய போல்ட் துருத்திக்கொண்டு தெரியும்.

அழுத்தும் கருவியின் வாய் எட்டாத மூலைகளில் மட்டும் காற்றுச் சுத்தியலை நாடலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காற்று உளி வேகமாகத் தட்டும், ஆனால் ஒவ்வொரு அடியும் வலுவற்றது. அது தலையின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கிவிடும். நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட ரிவெட் துப்பாக்கியும் மறுபுறம் கனத்த டாலியும் இருந்தால், அந்த ஒன்றிரண்டை மட்டும் காய்ச்சி அடித்துவிடலாம். முடிந்தபின் ஒருபுறத் தலையில் விரலை வைத்துக்கொண்டு மறுபுறம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். விரலுக்கு அதிர்வு தட்டுப்பட்டால் அந்த ரிவெட் தளர்வு. தலையைத் தேய்த்து நடுவில் துளையிட்டு வெளியே தள்ளி, புதியதைப் போட வேண்டியதுதான்.