வெள்ளை சிமெண்ட் பாறை: கடல்நீர்த் தொட்டியில் ஐந்தாவது வருஷம்

கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மீன் கிடைப்பது பெரிய விஷயமில்லை. சென்னையில் கொளத்தூர் பக்கம் ஒரு நடை போய் வந்தால் க்ளவுன் மீன் ஜோடியோடு திரும்பலாம். பாறையில்தான் எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பது பாறையின் துளைகளில். அதனால் தொட்டிக்குப் பாறை வேண்டும், அதுவும் நிறைய வேண்டும்.

கடலிலிருந்து எடுத்த பாறையை இந்தியாவில் நினைத்தே பார்க்கக் கூடாது. பவளத்திட்டுகளைக் கட்டும் கல்பவளங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. “செத்த பவளம்தானே சார்” என்று சொல்லி யாராவது நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பல்லாண்டு காலம் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே விட்டன. கொசுறாக ஒரு தகவல்: அதே வளைகுடாவில் தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான்தீவைக் காப்பாற்ற, 2015 வாக்கில் கான்கிரீட்டில் செய்த செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். கடல் உயிர்கள் சிமெண்டில் ஒட்டுமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு இந்த உதாரணம் போதும்.

இறக்குமதியாகும் உலர் பாறை கிலோக் கணக்கில் விற்கிறது. நாலடித் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொட்டியைவிடப் பாறைக்கு அதிகம் ஆகும் போலிருந்தது. சரி, சிமெண்டில் நாமே செய்வோம் என்று இறங்கினேன். இப்போது ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. தொட்டியில் மீன், இறால், நத்தை மட்டும்தான். பவளம் எதுவும் வளர்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சிமெண்ட். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பிபிசி (PPC) எனப்படும் போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். வீடு கட்டுவதற்கு அருமையான சரக்கு, தொட்டிக்கு வேண்டாம். சாம்பலோடு என்னென்ன உலோகம் வருகிறது என்று நமக்குத் தெரிய வழியில்லை. நான் எடுத்தது வெள்ளை சிமெண்ட். கடையில் ‘ஒயிட்’ என்று சொன்னால் சிலர் சுவருக்குப் பூசும் புட்டியை எடுத்து நீட்டுவார்கள். பையைப் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். புட்டியில் பாலிமர் கலந்திருக்கும், அது தண்ணீருக்குள் போகக் கூடாது. பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் இதற்கு அரகோனைட் மணல் சேர்க்கிறார்கள், ‘அரகோகிரீட்’ என்று செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிளிஞ்சல் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்க நொறுக்கிய கிளிஞ்சல் மூட்டையாகவே விற்கிறது. அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் நன்றாக அலசுங்கள். சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் பின்னால் தொட்டியில் பாசிக்குச் சாப்பாடு.

என் அளவு: சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. உப்பு பின்னால் கரைந்து போய்த் துளைகளை விட்டுச் செல்லும். பக்கத்து வீட்டில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் இதைப் பார்த்துவிட்டு, “உப்பு பட்டா கம்பி துருப்பிடிக்கும்னு மணலையே பார்த்துப் பார்த்துப் போடுறோம், நீங்க கல்லுப்பையே கொட்டுறீங்களே சார்” என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் இந்தப் பாறைக்குள் கம்பி, கட்டுக்கம்பி, ஆணி எதுவும் இருக்கக் கூடாது. தாங்குவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் பிவிசி குழாய்த் துண்டு வையுங்கள்.

தண்ணீர் சேர்ப்பதில்தான் பாறையின் தரமே இருக்கிறது. பிட்டு மாவுப் பதம் வர வேண்டும்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். கொஞ்சம் தளர்ந்துவிட்டாலும் சிமெண்ட் பால் கீழே இறங்கி அடிப்பக்கம் தரை ஓடுபோலக் கெட்டியாகிவிடும், துளையே இருக்காது. தெர்மாகோல் பெட்டியில் ஈர ஆற்றுமணலைப் பரப்பி, அதில் குழி தோண்டி, குகை வர வேண்டிய இடத்தில் மணலையே தூணாக நிறுத்தி, கலவையைக் கையால் அள்ளித் தளர்வாகப் போட்டேன். அழுத்தவில்லை. கையுறை கட்டாயம். ஈர சிமெண்டின் காரம் உடனே தெரியாது, சாயங்காலம் விரலிடுக்கு வெந்திருக்கும். ஒரு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடிவைத்து, அச்சிலிருந்து எடுத்து, இன்னும் ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையானது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உள்ளேயே உண்டாகிறது. புதுப்பாறையின் துளைகளில் தேங்கும் நீரின் பிஎச் 12-க்கு மேல். கடல்நீர்த் தொட்டிக்கு 8.1 முதல் 8.4 வரை இருந்தால் போதும். அந்தச் சுண்ணாம்பு வெளியேறும்வரை மொட்டைமாடியில் நீல ட்ரம்முக்குள் பாறை ஊற வேண்டும். முதல் வாரங்களில் மறுநாள் காலையிலேயே தண்ணீர்மேல் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புக் குடுவையில் தெளிந்த நீர்மேல் கட்டுவதும் இதே ஏடுதான்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. ஏட்டை வழித்தெடுத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். வினிகரில் ஊறப்போட்டால் சீக்கிரம் முடியும் என்பார்கள். அது மேல்பரப்பைத்தான் அரிக்கும், கிளிஞ்சலையும் சேர்த்தே அரிக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ட்ரம்மை மறக்காமல் வலை போட்டு மூடுங்கள். ஆரம்பத்தில் அந்தத் தண்ணீரில் எதுவும் பிழைக்காது. காரம் இறங்க இறங்கக் கொசு முட்டையிட வரும், அதன் பின்னாலேயே மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளரும் வருவார்.

பாறை தயாரா என்று பார்ப்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆர்ஓ தண்ணீரில் ஊறப்போட்டு அளந்துவிட்டு, “இன்னும் 9-க்குக் கீழே இறங்கவில்லை” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆர்ஓ தண்ணீருக்குத் தாங்குதிறன், அதாவது பிஎச் சட்டென்று மாறாமல் பிடித்து நிறுத்தும் திறன், கிடையாது. சிமெண்டே கலக்காத வெறும் கிளிஞ்சலை மூடிய பாத்திரத்தில் அந்தத் தண்ணீரில் போட்டாலும் பிஎச் 9-ஐத் தாண்டும். காற்றோட்டம் கொடுத்து வைத்தால் 8.3 வாக்கில் வந்து நிற்கும். ஆகவே அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தொட்டிக்கு விடும் அதே உப்புத்தண்ணீரை இரண்டு பக்கெட்டில் எடுத்து, ஒன்றில் மட்டும் பாறையைப் போட்டு, பாறை முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ஒரு நாள் அசையாமல் வைத்து, இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.2-க்குள் இருந்தால் தொட்டியில் இறக்கலாம். தொட்டியில் அதைப்போலப் பல மடங்கு தண்ணீர் இருக்கும், காற்றோட்டமும் இருக்கும்.

தொட்டிக்குள் போனபின் முதல் வருஷம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. முதலில் டையாட்டம் என்ற நுண்பாசியின் பழுப்புப் படலம், பிறகு பச்சை முடிப்பாசி. வீட்டுக்கு வந்தவர்கள் “தொட்டியைக் கழுவவே மாட்டீங்களா” என்று கேட்கிற அழகில் இருந்தது. பிஎச் சாயங்கால நேரத்தில் 8.5 தொட்டுக்கொண்டிருந்தது, பிறகு தானாகவே அடங்கியது. நண்பர் தன் பழைய தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு பாறைத் துண்டு கொடுத்தார். ஊதா நிறக் கோரலைன் பாசி, சின்னச் சின்ன ஓட்டுயிர்கள், கடற்பஞ்சு எல்லாம் அதிலிருந்து பரவியதுதான். சிமெண்ட் பாறை தன்னோடு எந்த உயிரையும் கொண்டுவராது. ஏப்டேசியா என்ற தொல்லைதரும் கடல் அனிமோன் மாதிரியான வேண்டாத விருந்தாளியும் அதனாலேயே வருவதில்லை. எனக்கு இது லாபக் கணக்குதான்.

இரண்டாம் வருஷக் கடைசியில் நிழலான பக்கங்களில் ஊதா ஏறத் தொடங்கியது. இன்றைக்கு எது சிமெண்ட், எது நண்பர் கொடுத்தது என்று கேட்டால் நானே தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் வருஷக்கணக்காகச் சுழியம். நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. கை கலவையின் உட்பகுதி இயற்கைப் பாறை அளவுக்குத் துளை விடுவதில்லை. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நைட்ரேட்டைச் சிதைக்கிற வேலை இங்கே குறைவாக நடப்பது அதனால்தான் என்பது என் கணிப்பு.

போன வருஷம் வீடு மாறும்போது ஒரு பாறை கைதவறி விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த முகத்தைக் கழுவித் துடைத்து, மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவிப் பார்த்தேன். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் அல்லவா, அந்தக் கணக்குதான். ஓரத்தில் விரல் கனத்துக்கு மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. நடுவில் குங்குமமாகச் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் கடல்நீரில் கிடந்தும் உள்ளே காரம் அப்படியே இருக்கிறது. வெளிப்பக்கம் கார்பனேட்டாகிவிட்டதால் தொட்டியை எட்டவில்லை. அதனால் நீங்கள் ட்ரம்மில் ஊறப்போடுவது பாறையின் தோலைத்தான். தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் சிமெண்ட் பாறையை இடம் மாற்றவென்று உடைத்தாலோ துளைபோட்டாலோ, அந்தப் புது முகத்தை மறுபடி ஊறவைத்துத்தான் உள்ளே விட வேண்டும்.

குறை என்றால் எடை முதல் குறை. கண்ணாடித் தரையில் நேராக வைக்காதீர்கள், கீழே பிளாஸ்டிக் கட்டம் போடுங்கள். மெல்லிய ஓரங்கள் மூன்றாம் வருஷத்திலிருந்து நகத்தால் சுரண்டினால் மாவாக வருகின்றன. கடல்நீரிலுள்ள மக்னீசியமும் சல்பேட்டும் சிமெண்டை மெல்ல அரிக்கும், வெள்ளை சிமெண்டுக்கு அதைத் தாங்கும் திறன் குறைவு. இரண்டு விரல் தடிமனுக்குக் குறைந்த வளைவு எதையும் இனி நான் செய்யப் போவதில்லை. உப்பை ஒன்றரைப் பங்காக ஏற்றிய ஒரு பாறை மட்டும் பார்வைக்கு எல்லாவற்றையும்விட இயல்பாக இருக்கிறது, ஆனால் தூக்கும்போதெல்லாம் குருணை உதிர்கிறது. அது ஒரு மூலையில் அசையாமல் கிடக்கிறது, இறால்களுக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது.

கல்பவளம் வளர்க்கும் அளவுக்குக் கால்சியம், காரத்தன்மை எல்லாவற்றையும் துல்லியமாகப் பிடித்து நிறுத்த நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த மாதமே மீன் விட வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம், உலர் பாறையை வாங்கிக்கொள்ளுங்கள். மீன் மட்டும் போதும், ட்ரம் வைக்க மாடியில் இடம் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். கோடையில் தொடங்குங்கள். ஐப்பசியில் தொடங்கினால் மழைத்தண்ணீர் ட்ரம்மில் விழுந்து, என்ன அளக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.